புல்வெளி மேசையும் சைவக்கடை மேசையும்

மலையகத்தில் மாலை நான்கு மணிக்கு நண்பர்கள் கூடி உட்காரும் மேசைகள் இரு வகை. ஒன்று, நுவரெலியாவின் பழைய பெரிய ஹோட்டல்களில், வெட்டிச் சீராக்கிய புல்வெளியோரம் வெள்ளைத் துணி விரித்துப் போடப்படுவது. மற்றது, ஹட்டன் டவுனில் பஸ் ஹோர்ன் சத்தத்துக்கு நடுவே, சைவக்கடைக்குள் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு "உட்காருங்க தம்பி" என்று காட்டப்படுவது. முதல் மேசையில் உட்கார்ந்தவர்கள் தட்டு வந்ததும் படம் பிடிக்கிறார்கள். இரண்டாம் மேசையில் உட்கார்ந்தவர்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்கிறார்கள். முதலாவதை நாகரிகம் என்றும் இரண்டாவதை அன்றாடம் என்றும் பிரித்துவைத்துப் பழகிவிட்டோம். அருகருகே வைத்துப் பார்க்கும்போது அந்தப் பிரிவு பல இடங்களில் கரைந்துபோகிறது. நாம் நினைத்தே பாராத வேறு சில இடங்களில் ஆழமாகிறது. கரைவது எங்கே, ஆழமாவது எங்கே என்பதைப் பொறுமையாகப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

முதலில் நேரத்தை எடுத்துக்கொள்வோம். மாலைத் தேநீர் விருந்து 1840களில் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னாவால் வழக்கத்துக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. பகலுணவுக்கும் பிந்திய இரவுணவுக்கும் இடையிலான நீண்ட பொழுதைக் கடக்க, தேநீரோடு சிறு சிறு தின்பண்டங்கள். அதே நூற்றாண்டில் அதே நாட்டின் ஆலைத் தொழிலாளர் வீடுகளில் இன்னொரு தேநீர் வேளையும் உருவானது. ஆலைச் சங்கு ஊதி, வீடு திரும்பி, பசியோடு உட்கார்ந்து, சாயம் ஏறிய தேநீரோடு ரொட்டியும் இறைச்சியும் வயிறாரச் சாப்பிடுகிற வேளை அது. சீமாட்டியின் வேளை ஆங்கில ஆட்சியோடு நுவரெலியாவுக்கு ஏறி வந்து புல்வெளியில் அமர்ந்தது. ஆலைத் தொழிலாளியின் வேளை எவரும் கொண்டுவராமலே ஹட்டனில் தானாக முளைத்தது. மலையில் வேலை முடித்து, குளித்து, டவுனுக்கு இறங்கி, மேசையில் கையூன்றி "சூடா ஒரு பிளேன்டீ" என்று கேட்பவர், தம்மை அறியாமலே மான்செஸ்டர் நெசவாளியின் உறவினர். பிரித்தானியாவின் இரு வர்க்கங்களும் வெவ்வேறு வீடுகளில் குடித்த தேநீரை, மலையகம் ஒரே சாலையின் இரு ஊர்களில் குடித்துக்கொண்டிருக்கிறது.

குளித்து உடுத்துக்கொண்டு இறங்குவதையும் கவனிக்க வேண்டும். 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் இரவுணவுக்குக் கோட்டும் டையும் வேண்டும். கொண்டுவராதவருக்குக் கிளப்பே இரவல் கொடுக்கிறது. சைவக்கடையில் அப்படி எழுதிய விதி ஒன்றும் இல்லை. ஆயினும் மலையிலிருந்து நேரே, கால்சட்டையில் சேறும் காலில் அட்டை கடித்த இரத்தமுமாக யாரும் டவுனுக்குப் போவதில்லை. லயத்து வரிசை வீடுகளின் பீலியில் குளித்து, தலை வாரி, மடிப்புக் கலையாத சட்டை போட்டு, செருப்பு மாற்றிய பிறகுதான் பாதையில் இறங்குவார்கள். இரண்டு மேசைகளும் வேலைக்கோலத்தை வாசலுக்கு வெளியே நிறுத்துகின்றன. கிளப்பில் அது அதிகாரம் தன்னை உறுதிசெய்துகொள்ளும் உடை. கடையில் அது காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நின்ற மனிதர், மாலையில் தம் விருப்பப்படி இருக்கிறார் என்பதற்கான உடை. உடையின் பொருள் வேறுபடுகிறது. உடுத்துக்கொள்கிற அக்கறை ஒன்றே.

இனித் தட்டுக்கு வருவோம். புல்வெளி மேசையின் பெருமை அடுக்குத் தட்டில் இருக்கிறது. கீழே ஓரம் நறுக்கிய வெள்ளரிக்காய் சாண்ட்விச், நடுவே ஸ்கோனும் கிரீமும் ஸ்ட்ரோபெரி ஜாமும், மேலே விரலளவு கேக்குகள். எதுவும் முழு உணவு ஆகாது. எல்லாம் பகிர்வதற்கும் பேச்சை நீட்டுவதற்கும் உரியவை. சைவக்கடை மேசையின் பெருமை நடுவில் வைக்கப்படும் ஒரு தட்டில் இருக்கிறது. லஞ்ச் ஷீட் சுற்றிய அந்தத் தட்டில் உளுந்து வடை, கடலை வடை, மரக்கறி ரோல்ஸ், முக்கோணமாக மடித்த ரொட்டி எல்லாம் கலந்து கிடக்கும். யாரும் கேட்காமலே, உட்கார்ந்த உடனே வந்துவிடும். பக்கத்தில் சாம்பாரும் சட்னியும், கை துடைக்கச் சதுரமாக வெட்டிய காகிதத் துண்டுகளும். இதிலும் எதுவும் முழு உணவு ஆகாது. இதுவும் பகிர்வதற்கும் பேச்சை நீட்டுவதற்கும்தான். ஒருவர் எடுத்தால் மற்றவர் எடுப்பார். பாதி வடையைப் பிய்த்து நண்பர் பக்கம் தள்ளுவார்கள். மேசைக்கு நடுவே பொதுவில் ஒன்றை வைத்துச் சுற்றி உட்காரும் இந்த ஏற்பாட்டை இரு இடங்களும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்கவில்லை. நட்புக்கு அதுவே வசதி என்று இரண்டும் தனித்தனியே கண்டுகொண்டன.

கணக்கு முடிக்கும் விதத்தில்தான் வழி பிரிகிறது. புல்வெளியில் ஆளுக்கு இவ்வளவு என்று முன்னரே விலை நிர்ணயமாகிவிடும். ஒன்று சாப்பிட்டாலும் பத்துச் சாப்பிட்டாலும் அதே தொகை. கடையிலோ சாப்பிட்டதற்கு மட்டும் காசு. பரிமாறியவர் வந்து நிற்பார். "ரெண்டு வடை, ஒரு ரோல்ஸ், மூணு பிளேன்டீ" என்று சாப்பிட்டவரே சொல்வார். பரிமாறியவர் அதை முதலாளி மேசைக்குக் குரல் கொடுப்பார். இதில் ஒரு சிறு நீதி இருக்கிறது. கொழுந்து பறிப்பவரின் நாள் முழுவதும் பிறர் எழுதும் கணக்கில் ஓடுகிறது. கொழுந்தை நிறுப்பவர் வேறொருவர். தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கிலோ கழிப்பவர் வேறொருவர். அன்றைக்கு முழுப் பெயரா அரைப் பெயரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா, என்று துண்டு போடுபவரும் வேறொருவர். அந்த நிறுவைக்குப் பழகிய குடும்பத்தைச் சேர்ந்தவர் கடை மேசையில் தம் கணக்கைத் தாமே சொல்கிறார். சொன்னதைக் கடை நம்புகிறது.

நம்பிக்கைக் கணக்கு புல்வெளிக்கும் அந்நியமில்லை. தோட்டத் துரைமாரின் கிளப்புகளில் மேசையில் காசு புழங்கியதில்லை. உறுப்பினர் சிட்டில் கையெழுத்திடுவார். மாத முடிவில் பட்டியல் வரும். ஹட்டன் கடைகளில் வாடிக்கைக்காரருக்குப் பற்றுக் கொப்பி உண்டு. பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் கோடு போட்டு முடிப்பார்கள். துரையும் தொழிலாளியும் ஒரே மாதக் கணக்கில், ஒரே மாதிரி ஒப்புதலின் பேரில், மாலைப் பொழுதைக் கழித்தார்கள் என்பது இந்த ஒப்பீட்டில் கிடைக்கும் இனிய வியப்புகளில் ஒன்று. தொழிலாளியின் பற்றுக்குப் பின்னால் இருந்த வரலாறுதான் வேறு. கங்காணியின் கடன் தீர்ந்தது என்று காட்டும் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாத காலம் 1921 வரை நீடித்தது. அரிசியும் மாவும் தோட்டத்தாலேயே வழங்கப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்ட காலமும் உண்டு. சாப்பாடே கட்டிப்போடும் கயிறாக இருந்த மக்களுக்கு, பிடிக்காவிட்டால் எதிர்க் கடைக்கு மாறிப்போகக்கூடிய கடன் என்பது விடுதலையின் ஒரு சிறிய வடிவம்.

தட்டில் இருப்பவற்றின் ஊரை விசாரித்தால் உறவு இன்னும் நெருங்குகிறது. ஸ்கோனும் சாண்ட்விச்சும் கோதுமை மா. ரோல்ஸும் ரொட்டியும் கொத்தும் அதே கோதுமை மா. இலங்கையில் விளையாத தானியம் ஒன்று இரு மேசைகளையும் தாங்குகிறது. தோட்டங்களில் அரிசிக்குப் பதிலாக மா கொடுத்த ஆண்டுகள்தான் ரொட்டியை லயத்தின் நிரந்தர உணவாக்கின. காலையில் மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் ரொட்டியும் சம்பலும் பலருக்கு நினைவு தெரிந்த நாள் முதலான சுவை. புல்வெளியில் விருந்துக்குரியதாகவும் லயத்தில் பஞ்சத்துக்குரியதாகவும் வந்து சேர்ந்தது ஒரே மாதான். கப்பலில் வந்த அந்த மாவைக் கடைக்காரர் கல்லில் வீசி, அடித்து, லீக்ஸும் கரட்டும் போட்டுக் கொத்துகிறார். அந்த லீக்ஸும் கரட்டும் எங்கிருந்து வந்தன? 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாமுவேல் பேக்கர் போன்ற ஆங்கிலேயர் நுவரெலியாவைத் தங்கள் ஊர்போல ஆக்க முயன்றபோது கூடவே வேரூன்றிய குளிர்நாட்டு மரக்கறிப் பயிர்ச்செய்கையிலிருந்து. இன்று நுவரெலியாச் சரிவுகளில் அவற்றைப் பயிரிடுவோரிலும் பாத்தி வெட்டுவோரிலும் மலையகத் தமிழர் பலர். மரக்கறிக் கொத்து எவ்வளவுக்குக் கடையினுடையதோ, அவ்வளவுக்குக் குடியேற்ற காலத்துத் தோட்டத்தினுடையதும் ஆகும்.

தேயிலைக்கு வந்தால் இரு மேசைகளும் உடன்பிறப்புகள் ஆகிவிடுகின்றன. ஒரே மலையில் ஒரே காலையில் பறித்த கொழுந்து, ஒரே ஆலையில் வாடவைத்து, உருட்டி, புளிக்கவைத்து, சூட்டில் காயவைக்கப்படுகிறது. அதுவரை அதற்குச் சாதி இல்லை. சல்லடை ஆடத் தொடங்கியதும்தான் பிரிகிறது. நீண்ட இலை ஒரு பக்கம், பி.ஓ.பி. ஒரு பக்கம், பி.ஓ.பி.எஃப். இன்னொரு பக்கம், கடைசியில் டஸ்ட். பெரிய இலை மெல்ல ஊறி, பொன்னிறத்தில், மணத்தை முன்னிறுத்தும். அதற்குப் பீங்கான் கேத்தலும் ஐந்து நிமிடப் பொறுமையும் வேண்டும். டஸ்ட் உடனே இறங்கி, அடர் சிவப்பில், காரத்தை முன்னிறுத்தும். அதற்குத் துணி வடியும் கொதிநீரும் உயரத் தூக்கி ஆற்றும் கையும் போதும். தரத்தில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு ஏலக்காரரின் விடை வேறு, குளிரில் நடந்து வந்தவரின் விடை வேறு. இரண்டு விடைகளும் சரியானவை. காத்திருக்க நேரம் உள்ளவருக்கு மணம், இல்லாதவருக்குச் சாயம். கருப்பட்டித் துண்டைக் கடித்தபடி ஒரு மிடறு சாயத் தேநீர் இறங்கும்போது மார்புக்குள் பரவுகிற சூட்டைப் பொன்னிறத் தேநீர் தர முடியாது. நுவரெலியா உயரத்துக் கொழுந்தின் மலர் மணத்தை டஸ்ட் தர முடியாது. இலங்கைத் தேயிலையில் மிகப் பெரும்பகுதி நாட்டைவிட்டுப் போய்விடுகிறது. போகாமல் மிஞ்சியதும் 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்கு இறங்கி, பொதியாகி, பெரும்பாலும் மறுபடி மலையேறித்தான் இந்த மேசைகளுக்கு வருகிறது.

இரு மேசைகளிலும் தவறாமல் கேட்கப்படும் ஒரு கேள்வி இருக்கிறது: "எந்தத் தோட்டம்?" இந்த ஒப்பீட்டின் மையம் என்று நான் கருதுவது அதைத்தான்.

புல்வெளியில் அந்தக் கேள்வி தேயிலையைப் பற்றியது. தேநீர் அட்டையில் தோட்டப் பெயர்கள் வரிசையாக இருக்கும். உயரம், மணம், நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பீட்ரு தோட்டத்தின் லவர்ஸ் லீப் போன்ற பெயர்களை உலகின் பல நகரங்களில் தேநீர் ரசிகர்கள் அறிவார்கள். விவரமறிந்தவர் "இது எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் பரிமாறுபவர் மகிழ்ந்து விளக்குவார். பெயர் அங்கே சுவையின் சான்றிதழ்.

கடையில் அந்தக் கேள்வி மனிதரைப் பற்றியது. அறிமுகமில்லாத இருவர் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தால், இரண்டாவது மிடறுக்குள் அது வந்துவிடும். "அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?" "நோர்வூட் பக்கம்." "மேற்பிரிவா, கீழ்ப்பிரிவா?" அடுத்த சில நிமிடங்களில் ஒரு பெரியம்மா, ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு திருவிழா என்று பொதுவான எதையோ பிடித்துவிடுவார்கள். பெயர் அங்கே உறவின் முகவரி. வேறு முகவரி இல்லாதிருந்ததும் அதற்கு ஒரு காரணம். லயத்து அறைகளுக்குத் தனி இலக்கமோ தெருப்பெயரோ இல்லாமல், கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே வந்துசேர்ந்த நிலை பல தலைமுறைகளாக நீடித்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 2003இல் வந்த சட்டத்தோடுதான் நாடற்ற நிலைக்கு ஒரு முடிவு வந்தது. எந்த நாடு என்ற கேள்விக்குப் பதில் மறுக்கப்பட்ட காலம் முழுவதும், எந்தத் தோட்டம் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது.

ஒரே பெயர் ஒரு மேசையில் சரக்கின் பிறப்பிடமாகவும் மற்ற மேசையில் மனிதரின் பிறப்பிடமாகவும் ஒலிக்கிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பல தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. புல்வெளிக்காரரும் கடைக்காரரும் அருகருகே உட்கார்ந்து ஒரே மலையைப் பற்றிப் பேசினாலும், இருவர் வாயிலும் வருவது வெவ்வேறு ஊர்களாக ஒலிக்கக்கூடும்.

வாசலைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். கடை ஏழைகளின் சொந்த இடம், ஹோட்டல் பணக்காரர்களின் அடைத்த இடம் என்று முடித்துவிடுவது எளிது. வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. ஹில் கிளப் வெள்ளைத் தோட்டக்காரர்களுக்காகத் தொடங்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின்னும் இலங்கையருக்கு அதன் கதவு உடனே திறக்கவில்லை. பெண்களுக்குத் தனி வாசல் இருந்தது. அதே காலத்தில் தமிழரின் தேநீர்க்கடைகளிலும் கதவுகள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே உட்காரவிடாத, உட்காரவிட்டாலும் தனிக் குவளை வைத்த கடைகளுக்குள் நுழைய 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடத்த வேண்டியிருந்தது. சங்கானையும் சாவகச்சேரியும் அவற்றின் களங்கள். கடை மேசையும் கிளப் மேசையும் தம் நாற்காலிகளைப் போராட்டத்தின் அழுத்தத்தாலும் காலத்தின் அழுத்தத்தாலுமே பொதுவாக்கின. உட்காரும் உரிமை இரு இடங்களிலும் பெறப்பட்ட ஒன்று. இயல்பாகக் கிடைத்தது அன்று.

பெண்களைப் பொறுத்தவரை ஒப்பீடு தலைகீழாகிறது. தோட்டத்தில் ஆண்களுக்கான வேலை பெரும்பாலும் பிற்பகல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். பெண்களோ கடைசி நிறுவை முடியும்வரை, ஏறக்குறைய நாலரை வரை, மலையிலேயே நிற்பார்கள். பிறகு பிள்ளைக் காம்பிராவிலிருந்து குழந்தை, பீலியிலிருந்து தண்ணீர், அடுப்பு. சைவக்கடையின் நாலு மணி மேசை ஆண்களால் நிரம்பியிருப்பதற்குக் காரணம் இந்த நேரக் கணக்குதான். சம்பள நாளில் டவுனுக்கு வரும் பெண்களில் பலர் கடைக்குள் உட்காராமல், பிள்ளைகளுக்குப் பார்சல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். தனியாக, தோழிகளோடு, சிரித்துக்கொண்டு, அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கூட்டம் கடையில் இன்னும் அரிது. புல்வெளியில் அது சாதாரணக் காட்சி. இன்று ஆசிரியைகளாகவும் வங்கி ஊழியராகவும் தாதியராகவும் உயர்ந்த மலையகப் பெண்கள், ஒருவரின் பிறந்தநாளுக்கோ பதவி உயர்வுக்கோ காசு சேர்த்து, நுவரெலியாவுக்கு வந்து அந்த வெள்ளைத் துணி மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார்கிறார்கள். அவர்களுடைய அம்மாமார் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி நின்ற சரிவு அங்கிருந்து தெரியும் தூரம்தான். குடியேற்றக்காரர் தமக்கென்று போட்ட மேசை, லயத்து வீட்டு மகள்களுக்கு நம் சொந்தக் கடையைவிடத் தாராளமாக இடம் கொடுக்கிறது. இதைச் சொல்லத் தயங்குவதற்கில்லை.

இரு மேசைகளும் வேலைத்தலத்தோடு கொண்டுள்ள தொடர்பும் எதிரெதிரானது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலை ஆலை 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. கொழுந்து வாடவைத்த மாடிகள் விருந்தினர் அறைகள் ஆயின. இயந்திரங்கள் சில காட்சிப் பொருளாகத் தங்கின. வளாகத்தில் நிற்கும் பழைய குறும்பாதை ரயில் பெட்டி ஒன்று விருந்துக்கூடம் ஆயிற்று. உழைப்பு நின்ற இடத்தில் உணவு தொடங்கியது. ஹட்டனில் நடப்பது மறுதலை. அங்கே உணவு மேசையே வேலை பிறக்கும் இடம். கொழும்பில் எந்தக் கடைக்கு ஆள் வேண்டும், யார் வெளிநாடு போகிறார், எந்தத் தொழிற்சங்க அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டு பிளேன்டீக்கு நடுவே முடிவாகின்றன. ஆலை விருந்துக்கூடம் ஆனதுபோல, விருந்துக்கூடம் இங்கே வேலைவாய்ப்பு அலுவலகம் ஆகிறது.

அந்தப் பேச்சிலிருந்து புறப்பட்டுப் போகும் இளைஞர்களைப் பின்தொடர்ந்தால் இரண்டு மேசைகளும் மீண்டும் சந்திக்கின்றன. ஒருவர் நுவரெலியா ஹோட்டலில் கறுப்புக் கோட்டு அணிந்து வெள்ளிக் கேத்தல் ஏந்துகிறார். இன்னொருவர் கொழும்புச் சைவக்கடையில் ஆறு தட்டுகளைக் கைமேல் அடுக்கி நடக்கிறார். இருவரும் பல வேளைகளில் ஒரே லயத்தின் பிள்ளைகள். ஹோட்டல் பில்லில் சேரும் பத்து வீத சேவைக் கட்டணத்தில் முதலாமவருக்குப் பங்கு உண்டு. நல்ல மாதத்தில் அதுவே அவருடைய பெரிய வருமானம். இரண்டாமவருக்குச் சாப்பாடும் தங்குமிடமும் சேர்ந்த சம்பளம். முதலாமவர் விருந்தினரின் பெயரை அறியாமலே பணிவிடை செய்யப் பயிற்றப்பட்டவர். இரண்டாமவர் வாடிக்கைக்காரரின் ஊரும் அவர் வழக்கமாகக் கேட்பதும் தெரிந்து, கேட்குமுன்னே கொண்டுவந்து வைப்பவர். திறமையில் இருவரும் சளைத்தவர்கள் அல்லர்.

பணத்தைப் பற்றிப் பேசாத ஒப்பீடு முழுமையாகாது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,000 ரூபாயிலிருந்து 1,350 ரூபாயாக உயர்ந்தது. அந்த 1,000 ரூபாய்க்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. புல்வெளி மேசையில் ஒருவருக்கான தேநீர் விருந்து, அதே 2024இன் தொடக்கத்தில் 18 வீதமாகிய வற் வரியும் சேவைக் கட்டணமும் சேரும்போது, அந்த நாட்சம்பளத்தை எளிதில் தாண்டிவிடுகிறது. அட்டையில் பெயரெழுதிய தேயிலையைப் பறித்தவர், பறித்த நாளின் சம்பளத்தில் அதை அந்த மேசையில் குடிக்க முடியாது. கடை மேசையில் அவர் குடிக்க முடியும். ஆனால் அங்கும் நான்கு நண்பர்களுக்குச் சேர்த்துக் கொடுப்பது சிறிய செலவு இல்லை. அதனால்தான் முறை வைத்துக் கொடுக்கிறார்கள்: சம்பளம் வந்த மாதம் இவர், கொழும்பிலிருந்து லீவில் வந்த வாரம் அவர். "விடு மச்சான், இன்னைக்கு நான்" என்று சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு முதலாளி மேசைக்கு முந்தி ஓடுவது கடை நட்பின் முத்திரை. புல்வெளியில் தொகையை ஆளெண்ணிக்கையால் வகுத்து, தொலைபேசியில் உடனே அனுப்பிவிடுகிறார்கள். முன்னதில் கடன் மிஞ்சுகிறது, அதனால் அடுத்த சந்திப்பு உறுதியாகிறது. பின்னதில் கடன் மிஞ்சுவதில்லை, அதனால் யாருக்கும் பாரமில்லை. குறைந்த சம்பளத்தில் இருக்கும் தோழி கூச்சமின்றி வரக்கூடிய வழி எது என்று யோசித்தால், வகுத்துக் கொடுப்பதும் ஒரு கனிவுதான்.

நெருக்கடி இரு மேசைகளையும் ஒரே வேளையில் தொட்டது. 2022இல் நாட்டில் டொலர் தீர்ந்தபோது பால்மாவும் சமையல் எரிவாயுவும் அரிதாயின. கடைகளில் பால் தேநீர் காணாமல் போனது; சில கடைகள் விறகடுப்புக்குத் திரும்பின; சில மூடின. பெருந்தொற்றிலிருந்து அப்போதுதான் மீளத் தொடங்கியிருந்த ஹோட்டல்களில் வெளிநாட்டவர் இல்லாமல் புல்வெளி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அந்த மாதங்களில் இரு மேசைகளிலும் தட்டுப்பாடின்றி மிஞ்சியது சாயத் தேநீர் ஒன்றே. டொலரை நாட்டுக்குக் கொண்டுவரும் பெரும் வழிகளில் ஒன்றாகிய அந்தத் தேயிலையை மலையில் அப்போதும் பறித்துக்கொண்டிருந்தார்கள். இரு மேசைகளும் யாருடைய தோள்மேல் நிற்கின்றன என்பது அதைவிடத் தெளிவாக வெளிப்பட்ட காலம் வேறில்லை.

இனி நிறுத்துப் பார்க்கலாம். சுவையை வைத்து இவற்றுள் ஒன்றை உயர்த்த முடியாது. இரண்டும் தத்தம் பசிக்குச் சரியான விடை. நட்பை வைத்தும் முடியாது. இரண்டும் நடுவில் ஒரு தட்டை வைத்துப் பேச்சை வளர்க்கின்றன. நான் முன்வைக்கும் அளவுகோல் வேறு. ஒரு மேசையைச் சாத்தியமாக்குகிறவர், அதாவது பறிப்பவரும் பரிமாறுபவரும், தம் ஓய்வு நாளில் அதே மேசையில் விருந்தினராக உட்கார முடிகிறதா? இந்த அளவுகோலில் சைவக்கடை பாதி தேறுகிறது: பரிமாறும் இளைஞரும் மலையில் கவ்வாத்து வெட்டும் இளைஞரும் அங்கே உட்காரலாம், கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மட்டும் நேரமும் இடமும் இல்லை. புல்வெளியும் பாதி தேறுகிறது: அங்கே பெண்ணுக்கு இடம் உண்டு, கொழுந்துச் சம்பளத்துக்கு இல்லை. ஒன்றில் உள்ளது மற்றதில் இல்லை.

ஆகவே "எது நல்லது" என்று கேட்பதைவிட, ஒன்று மற்றதிடம் எதைக் கற்க வேண்டும் என்று கேட்பதே பயனுள்ளது. கடை கற்க வேண்டியது, மாலை நான்கு மணிக்கு நான்கு பெண்கள் தோழமையோடு வந்து உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத இயல்பை. அதற்குக் கடைக்காரரின் மனம் மட்டும் போதாது. மலையில் அவர்களுடைய நேரம் குறைய வேண்டும், வீட்டில் அடுப்பு பகிரப்பட வேண்டும். புல்வெளி கற்க வேண்டியது, தேநீர் அட்டையில் தோட்டத்தின் பெயரை எழுதும்போது அந்தப் பெயரில் மனிதரும் வாழ்கிறார்கள் என்பதை. அதற்கு ஹோட்டலின் நல்லெண்ணம் மட்டும் போதாது. நாட்சம்பளம் வாழ்க்கைக்குப் போதுமானதாக வேண்டும். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, "மலையகம் 200" என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த மக்கள் கேட்டவையும் இவற்றுக்குத் தொலைவில் இல்லை: நிலம், வீடு, சமமான குடிமகனாக உட்காரும் இடம்.

இரண்டு மேசைகளிலும் மாறி மாறி உட்காரும் ஒரு தலைமுறை இப்போது வந்துவிட்டது. சனிக்கிழமை நுவரெலியாவில் அடுக்குத் தட்டைச் சுற்றி இருப்பவர்கள், ஞாயிறு ஹட்டனில் கடலை வடையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அட்டையில் தம் தோட்டத்தின் பெயரைக் கண்டதும் "இது எங்க தோட்டம்" என்று பரிமாறுபவரிடம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அதைச் சொல்லட்டும். தேயிலைக்கு மட்டும் விடையாக இருந்த பெயர் மனிதருக்கும் விடையாகும்போதுதான் இந்த ஒப்பீட்டின் இரண்டு பக்கங்களும் சமநிலைக்கு வரும்.